உட்கார்ந்த உயரத்தில் ஒரு விளக்கு

ஓய்வு பெற்றதிலிருந்து மத்தியானத் தூக்கம் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. சாப்பிட்டுவிட்டு உறையூர் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே பாயைப் போட்டால் போதும், கண் சொருகிவிடும். அந்தத் தூக்கத்தில் மனிதர்கள் வருவதில்லை. சமையலறைகள்தான் வருகின்றன. ஒன்றின் கதவைத் திறந்தால் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. எல்லாவற்றிலும் விளக்கு எரிகிறது, சுவிட்ச் போர்டை மட்டும் காணோம். நான் சுவரைத் தடவிக்கொண்டே போகிறேன். பயமாக இருப்பதில்லை. காவிரியில் முழங்கால் தண்ணீரில் நடப்பதுபோல் சுகமாகத்தான் இருக்கிறது.

இருபத்தொன்பது வருடம் வீட்டுச் சமையலறைகளுக்கு விளக்கு எங்கே வரவேண்டும் என்று வரைந்து கொடுத்தவளுக்கு வேறு என்ன கனவு வரும்?

போன மாதம் ஆபீஸ் பிள்ளைகள் இருவர் பார்க்க வந்தார்கள். போனில் ஒரு செயலி காட்டினார்கள். காலிச் சமையலறையை ஒரு போட்டோ எடுத்தால், அதுவே விளக்கை எல்லாம் பொருத்தி, எரியவிட்டே காட்டிவிடுகிறது. பொய் சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. எனக்கே அதற்குள் போய் ஒரு காபி போடலாம்போல் ஆசை வந்தது. ஆனால் அந்தப் படத்தில் ஆள் இல்லை. அதைச் சொன்னதும் இருவரும் சிரித்துவிட்டு, ஆபீஸ் மலருக்கு இதையே நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் மேடம் என்று என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

படித்தது பாலிடெக்னிக்கில். புத்தூரில் ஒரு மாடியில் இருந்த கட்டட ஆபீசில் படம் நகலெடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று வருடம் பிறர் வரைந்த கோடுகள் மேல் கோடு போட்டேன். பிறகு மின்சாரப் பிரிவில் தள்ளினார்கள். பெண்பிள்ளை என்பதால் சமையலறைகளை எல்லாம் என் மேஜைக்கு அனுப்பினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் எனக்குச் சமைக்கத் தெரியாது. முதலில் மாமியார், பிறகு ஓரகத்தி என்று யாராவது புண்ணியம் கட்டிக்கொண்டே வந்தார்கள். இன்றைக்கும் நான் வைக்கிற ரசத்தை வீட்டில் மருந்து என்றுதான் சொல்கிறார்கள்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் இருதயராஜ் சார். மேலப்புதூர்க்காரர். ஒல்லியாக, எப்போதும் வெளுத்த சட்டையில், காலையில் கோவிலுக்குப் போய்விட்டு நேரே ஆபீஸ் வருவார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். “பரவாயில்லைங்க” என்றார் என்றால் அன்றைக்கு நமக்குச் சாப்பாடு இறங்காது. என் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல், மூலையில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவார். எங்கே தப்பு என்று நானேதான் தேடிக் கண்டுபிடிக்கவேண்டும். சில நாள் கண்டுபிடிக்கமுடியாமல் அழுகையே வந்திருக்கிறது.

அவருடைய வேலைமுறை விசித்திரமானது. எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சமையல் செய்கிற அம்மாவிடம் வழக்கம்போல் எதையாவது சமைக்கச் சொல்வார். நாங்கள் ஓரமாக நிற்போம். அந்த அம்மா கூச்சம் தெளிந்து, எங்களை மறந்து, தன் பாட்டுக்குக் கையை வீச ஆரம்பிக்கிற நேரம் ஒன்று உண்டு. அதுவரைக்கும் சார் காத்திருப்பார். பிறகு குனிந்து, அவர்கள் நின்ற இடத்தில் காலைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவார். காய் நறுக்கும்போது ஒரு ஜோடிப் பாதம், அடுப்புக்கு முன்னால் ஒரு ஜோடி, பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு ஜோடி. அவர்கள் போனபிறகு அந்தப் பாதங்களுக்குள் சார் ஏறி நின்று, கையில் கத்தி இருப்பதுபோல் மேடைமேல் குனிவார். விளக்கு வரப்போகிற இடத்தில் நான் ஸ்டூல்மேல் நின்று டார்ச் அடிக்கவேண்டும். அவருடைய தலையும் தோளும் மேடையில் எங்கே நிழலாக விழுகிறதோ அதையும் சாக்பீஸால் வரைவோம். நிழல் கத்தியைத் தொட்டால், “ஒரு சாண் முன்னால வாங்க” என்பார். நான் ஸ்டூலோடு நகர்வேன். நிழல் மெல்லப் பின்வாங்கி அவர் மார்புக்கே திரும்பிப் போகும். அது எனக்கு அலுத்ததே இல்லை. படத்திலும் சார் முதலில் நிழலைத்தான் பென்சிலில் போடுவார். விளக்கைக் கடைசியில் வைப்பார்.

சமைக்கிறதைப் பார்க்காமல் ஒரு கோடு போடக்கூடாது. இது ஆபீசில் எழுதி மாட்டாத சட்டம். அதையும் மீறி இரண்டு தரம் அடிபட்டிருக்கிறேன். முதலாவது சிரிக்கிற கதை. மணப்பாறையில் வீட்டிலேயே முறுக்கு சுற்றி விற்கிற ஒரு அக்கா, புதுச் சமையலறைக்கு விளக்கு கேட்டார். அப்போது மஞ்சள் நிற எல்.ஈ.டி. புதிதாக வந்த சமயம். அழகாக இருக்குமே என்று ஆசைப்பட்டு எண்ணெய்ச் சட்டிக்கு மேலே அதைப் போட்டுக் கொடுத்தேன். அந்த வெளிச்சத்தில் மாவைப் பிழிந்து போட்ட உடனேயே முறுக்கு பொன்னிறமாகத் தெரிந்திருக்கிறது. வெந்துவிட்டது என்று அக்கா எடுத்திருக்கிறார். பத்து நாள் கழித்து ஆபீசுக்கு ஒரு பொட்டலம் வந்தது. பாதி மாவாக, பல்லில் ஒட்டுகிற முறுக்கு. சார் ஒன்றை எடுத்து நிதானமாகக் கடித்து மென்றார். “பரவாயில்லைங்க” என்றார். மறுநாளே பஸ் ஏறிப் போய் வெள்ளை விளக்காக மாற்றினேன்.

இரண்டாவது, ஸ்ரீரங்கத்துக் கதை. அது ஆறு வருடத்துக்கு முன் நடந்தது.

சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு பழைய வீடு. சௌந்தரராஜன் என்று வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் மனைவி வேதவல்லி மாமி. இரண்டே பேர். மாமிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டது. லேசர் எல்லாம் வைத்தாயிற்று. மங்கலாகத் தெரிகிறது, அதுவும் நாளுக்கு நாள் குறைகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டில் சமையல் என்று சொல்வதில்லை, தளிகை. வீட்டுப் பெருமாளுக்காகச் செய்வது. அவருக்குக் காட்டியபிறகுதான் மனிதர்கள் சாப்பிடுவது. முப்பது வருடத்துக்கு மேலாக அதை ஒற்றை ஆளாகச் செய்துவந்தவர் மாமி. ஒரு நாள் பெருமாளுக்குக் காட்டிய சாதத்தில் கல் ஒன்று இருந்திருக்கிறது. இன்னொரு நாள் முந்தானையில் தீப்பொறி பட்டுவிட்டது. பக்கத்தில் கணவர் இருந்ததால் பிழைத்தார்.

அதற்குமேல் சௌந்தரராஜன் சாருக்குத் தாங்கவில்லை. தளிகைக்கு ஒரு சமையல்காரரைப் பேசிவைத்துவிட்டார். மாமி அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லையாம். கடைசியில் அவர் ஒரு மாதம் தவணை கொடுத்தார். நல்ல வெளிச்சமாகப் போட்டுப் பார்ப்போம், அதிலும் முடியாவிட்டால் சமையல்காரர் வருவார், மாமி அடுப்படிக்குள் போகக்கூடாது. இதை அவர் வாசலிலேயே நின்று என்னிடம் சொன்னார். மாமி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

காலையில் வந்து தளிகை செய்வதைப் பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சௌந்தரராஜன் சார் முந்திக்கொண்டு, “கார்த்தால மடி, உள்ள யாரும் வரப்படாது. சாயங்காலம் நாலு மணிக்கு வாங்கோ” என்றார். குளித்து, தனியே உலர்த்திய புடவை கட்டி அடுப்படிக்குள் போனால், பெருமாளுக்குக் காட்டி முடிகிறவரை மாமியை யாரும் தொடக்கூடாது, யாரும் உள்ளே போகக்கூடாது. அவர் என்னை அவமானப்படுத்தச் சொல்லவில்லை. சொந்தத் தங்கை வந்தாலும் அதே சட்டம்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. உள்ளே வரக்கூடாதென்றால் போகட்டும், நமக்கென்ன வந்தது என்று ஒரு வீம்பு. வெளியே நின்று பார்க்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சாயங்காலம் போனேன். அடுப்படி கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. மாமியை மேடைமுன் நிற்கச் சொன்னேன், நின்றார். சாக்பீஸால் கால் வரைந்தேன், டார்ச் அடித்தேன், நிழல் போட்டேன். எல்லாம் முறைப்படி. மேடைக்கு மேலிருந்த ஷெல்ஃபுக்கு அடியில் நீளமாக ஒரு ஸ்ட்ரிப் லைட், கூரையில் இரண்டு பேனல் லைட். பழைய சுவர் என்பதால் உடைக்காமல் வெளியிலேயே பைப் ஓட்டி, எங்கள் ஒயர்மேன் இரண்டே நாளில் முடித்துவிட்டார். சுவிட்சைப் போட்டதும் அந்தக் கறுப்புக் கிரானைட் மேடை கண்ணாடிபோல் பளபளத்தது. மாமி விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கு போன் வந்தது. மாமி விரலை அறுத்துக்கொண்டுவிட்டார். நறுக்கிய காய் எல்லாம் ரத்தம். அத்தனையையும் கொட்டி, மறுபடி குளித்து, அன்றைக்குப் பெருமாளுக்குப் பாலும் பழமும்தான். சௌந்தரராஜன் சார் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “போறும்மா. லைட்டெல்லாம் கழட்டிண்டு போயிடச் சொல்லுங்கோ. நான் அந்தச் சமையல்காரரையே வரச் சொல்லிடறேன்” என்றார். எப்படி அறுபட்டது என்று கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. மாமி நின்றுகொண்டு நறுக்குவதே இல்லை. தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில்தான் நறுக்குவார். மடியில் புழங்குகிற சாமான் என்பதால் சாயங்காலம் அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார். நான் நிற்கச் சொன்னேன், பாவம், நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

இருதயராஜ் சாரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு ஓய்வு பெற மூன்று மாதமே இருந்தது. படத்தை வாங்கி மேஜையில் விரித்தார். தரையில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு ஷெல்ஃபுக்கு அடியில் இருக்கிற விளக்கு நேரே குத்தும். மேடையின் விளிம்பு அந்த வெளிச்சத்தை மறித்துத் தரையில் ஒன்றரை அடிக்கு இருட்டைப் போடும். அரிவாள்மணை இருந்தது சரியாக அந்த இருட்டில். கண்ணில் வெளிச்சம், கத்தியில் நிழல். இதைவிடக் கெடுதலாக ஒரு கண் நோயாளிக்கு யாராலும் விளக்குப் போடமுடியாது. சார் இதையெல்லாம் சொல்லவில்லை, பென்சிலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார், அவ்வளவுதான். பிறகு கேட்டார்.

“அந்தம்மா உக்காந்திருந்தாங்க. நீங்க எங்கங்க இருந்தீங்க?”

“வெளியகூட நிக்கல சார். நானாதான் கேக்கல” என்றேன். அவர் பரவாயில்லைங்க என்று சொல்லவில்லை. படத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

அடுத்த நாள் விடியும் முன்பே குளித்து, சத்திரம் பஸ் நிலையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது ஆற்றுக்குமேல் வெளுத்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் எந்தப் பொருளுக்கும் நிழல் இல்லை. இதை ஒரு படியில் அளந்துகொண்டு போய் அந்த அடுப்படியில் ஊற்றமுடிந்தால் என்று பைத்தியம்போல் நினைத்துக்கொண்டே போனேன். கதவைத் திறந்த சௌந்தரராஜன் சார் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் அவரைத் தாண்டி உள்ளே பார்த்து, மாமி, நான் வெளியில் இருந்தே பார்க்கட்டுமா என்று கேட்டேன். அடுப்படிக்குள்ளிருந்து பதில் வந்தது.

“பாக்கறதுக்கு மடி ஏது? வாசப்படிக்கு அந்தண்ட உக்காந்துக்கோங்கோ.”

அவ்வளவுதான். என் வீம்புக்கு மாமியின் விரல் அறுபட்டதுதான் மிச்சம்.

இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதைப்போல் ஒரு காலை என் வாழ்க்கையில் வேறு இல்லை. மாமி புது விளக்கைப் போடவே இல்லை. முற்றத்திலிருந்து வந்த வெளிச்சத்தில், கட்டுப் போட்ட விரலோடு, தண்ணீருக்குள் நடக்கிறவர்போல் மெதுவாக நடமாடினார். பானைக்கு அருகில் காதை வைத்து அரிசி கொதிக்கிற சத்தத்தைக் கேட்டார். பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்தார். இடது கண்ணில் கொஞ்சம் பார்வை கூடுதல் போலும், எதைப் பார்த்தாலும் முகத்தை வலப்பக்கம் திருப்பினார். அரிசியை வெள்ளை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கியபோது கைகள் தடுமாறின. அதே அரிசி தரையில் கறுப்புக் கல்லில் சிந்தியபோது ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். நெருப்பின் நீலம் அவர் முகத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குக் குறிப்பெடுக்கக்கூட மனமில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். பெருமாளுக்கு மணி அடித்தபோதுதான் கால் மரத்துப்போனது தெரிந்தது.

மூன்று நாள் அவகாசம் கேட்டேன். சௌந்தரராஜன் சார் சரி என்று தலையை ஆட்டினார். ஷெல்ஃப் விளக்கைப் பாதியாகக் குறைத்து, உட்கார்ந்தவர் கண்ணுக்குத் தெரியாதபடி முன்னால் ஒரு மரப்பட்டி அடித்தோம். பளபளத்த மேடையைச் சொரசொரப்பாகத் தேய்த்தோம். மாமி உட்காருகிற இடத்துக்கு இடப்பக்கம், தோளுக்குச் சற்றுப் பின்னால், தரையிலிருந்து மூன்றடியில் சுவரில் ஒரு சின்ன விளக்கு. மேல்பக்கம் மூடி, வெளிச்சம் அரிவாள்மணைமேல் மட்டும் விழும். சுவிட்சும் அதே உயரத்தில், உட்கார்ந்தபடியே தொடுகிற மாதிரி. அரிசி பொறுக்க ஒரு கறுப்புக் கடப்பா கல். இந்தத் தரம் மாமியை உட்காரச் சொல்லித்தான் சாக்பீஸ் போட்டேன். மேல்நாட்டு விளக்கு எதுவும் இல்லை, எல்லாம் பெரிய கடைவீதியில் வாங்கியவைதான்.

அந்த ஒரு மாதத் தவணை முடிகிற நாள்வரைக்கும் எனக்கு ராத்தூக்கம் சரியில்லை. அந்த நாளில் போன் வந்தது. சமையல்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார் சௌந்தரராஜன் சார். பின்னாலிருந்து மாமி, எனக்கு அக்காரவடிசல் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லச் சொன்னது கேட்டது. போய்ச் சாப்பிட்டேன். இரண்டாவது தரம் கேட்டும் சாப்பிட்டேன்.

ஐந்து வருடம் அந்த விளக்கில் தளிகை நடந்தது. போன வருடம், நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்னால், சௌந்தரராஜன் சார் மறுபடி கூப்பிட்டார். சின்ன வேலைதான், காலையிலேயே வாங்கோ என்றார். மாமியின் கண் முழுக்கப் போய்விட்டது என்று எனக்கு முன்பே தெரியும். விளக்கைக் கழற்றத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் மனசு கனத்துக்கிடந்தது.

வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மாமி அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மணையில் உட்கார்ந்திருந்தார். கண் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது, காது மட்டும் பானையில். அரிவாள்மணை முன்னால், குளித்து மடி உடுத்தி, திருமண் இட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் சௌந்தரராஜன் சார். முன்னால் ஒரு கூறு கொத்தவரங்காய். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“இது அவ உசரத்துக்கு வெச்சது. திரும்பினா நேக்குக் கண்ணு கூசறது. ஒரு நாலு விரக்கடை ஏத்தித் தர முடியுமோ?”

மாமியைப் பார்த்தேன். அந்த உயரம் அவருடையது. அவரைக் கேட்காமல் அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. மாமிக்கு என் தயக்கம் புரிந்துவிட்டது.

“தாராளமா ஏத்துங்கோ. நேக்கு இனிமே எந்த உசரமும் ஒண்ணுதான்” என்று சிரித்தார்.

தளிகை முடிந்து, பெருமாளுக்குக் காட்டியபிறகு உள்ளே போய், ஸ்குருவைக் கழற்றி, நானே என் கையால் நாலு விரற்கடை ஏற்றினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் செய்தேன், அதை யார் பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை. சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். சௌந்தரராஜன் சார் உட்கார்ந்து, மறுநாளைக்கு வைத்திருந்த கத்தரிக்காயில் ஒன்றை எடுத்து நறுக்கினார். இந்தத் தரம் கண் கூசவில்லை. நறுக்கிய துண்டில் ஒன்றை எடுத்துப் போய் மாமியின் உள்ளங்கையில் வைத்தார்.

மாமி அதைக் கட்டைவிரலால் உருட்டிப் பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் பொடியா” என்றார்.